மேல் மாடியில் மரநாய், தரைத்தளத்தில் புனுகுப்பூனை

வால்பாறைப் பக்கம் தோட்டச் சாலையில் விடிகாலையில் நடப்பவர்கள் பாலத்துக் கைப்பிடிச் சுவரையும் சாலையோரப் பாறையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போவது நல்லது. முந்தைய இரவு யார் யார் வந்துபோனார்கள் என்கிற வருகைப்பதிவேடு அங்கேதான் இருக்கும். முழுமுழுக் கொட்டைகள் ஒட்டிக்கொண்ட கட்டியாக ஓர் எச்சம் கிடந்தால் பெரும்பாலும் அது மரநாய். உள்ளே இருப்பது கூந்தற்பனைக் கொட்டையா, காப்பிக் கொட்டையா, கடுகுபோன்ற அத்தி விதையா என்பது அந்தந்த மாதத்தைப் பொறுத்தது. ஓடைப் பாறையில் நண்டு ஓட்டுச் சில்லுகளாகக் கிடந்தால் நீர்நாய் அல்லது கழுத்துவரிக் கீரி. எலி மயிரும் நொறுங்கிய எலும்பும் முறுக்கிக்கொண்டு கிடந்தால் பூனை இனத்தில் ஏதோ ஒன்று. குச்சியால் கிளறிப் பார்ப்பது அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் சின்ன ஊனுண்ணிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும் பங்கு இப்படிக் கிளறித் தெரிந்துகொண்டதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில், ஆனைமலையிலிருந்து களக்காடு வரை, புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்று பெரியவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பட்டியல் நீளமானது. பழுப்பு மரநாய், ஊருக்குள்ளும் திரியும் சாதாரண மரநாய், சிறு புனுகுப்பூனை, நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த நீலகிரி மார்ட்டென், பழுப்புக் கீரி, கழுத்துவரிக் கீரி, செங்கீரி, நாம் எல்லோரும் பார்த்திருக்கும் சாம்பல் கீரி, சிறுத்தைப்பூனை, காட்டுப்பூனை, உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்றான துரும்பன் பூனை, அப்புறம் நீர்நாய்கள். இவற்றில் பல ஒன்றிலிருந்து நான்கு கிலோ எடைக்குள் அடங்கிவிடும். ஏறக்குறைய ஒரே அளவு வாய், ஒரே அளவு வயிறு. எலி, பல்லி, தவளை, வண்டு, பறவைக் குஞ்சு என்று கையில் கிடைப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். இத்தனை பேர் ஒரே காட்டில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய சோதனைக்குழாய் இருக்கிறது. 1930களில் காஸ் என்ற ரஷ்ய உயிரியலாளர் பாரமீசியம் என்னும் ஒருசெல் நுண்ணுயிரில் இரண்டு வகைகளை ஒரே குழாயில் விட்டு ஒரே உணவைக் கொடுத்தார். சில நாட்களில் ஒன்று மட்டுமே மிஞ்சியது. ஒரே பிழைப்பை நடத்தும் இரண்டு இனங்கள் ஓரிடத்தில் நிலைக்க முடியாது என்பது இதிலிருந்து வந்த விதி. பாடப்புத்தகத்தில் கதை பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். அவர் வேறொரு ஜோடியையும் சோதித்தார் என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையான பகுதி. அந்த இரண்டும் சேர்ந்து பிழைத்தன. ஒன்று குழாயின் மேல்பகுதியில் மிதந்த உணவைத் தின்றது, இன்னொன்று அடியில் தங்கியதைத் தின்றது. விரலளவு கண்ணாடிக் குழாயிலேயே மாடி, தரைத்தளம் என்று பாகம் பிரிந்துவிட்டது. நாற்பது மீட்டர் உயரத்துக்கு மரம் நிற்கும் மழைக்காட்டில் பாகம் பிரிவதற்கு எவ்வளவு இடம் இருக்கும்!

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். விலங்குகள் நடக்கும் தடத்தில் முழங்கால் உயரத்துக்குத் தானியங்கி கேமராவைக் கட்டிவைத்தால், படத்தின் ஓரத்தில் நேரமும் விழும். இப்படிச் சேரும் படங்களை நேரவாரியாக அடுக்கினால் காட்டில் இரண்டு ஷிப்ட் ஓடுவது தெரியும். கழுத்துவரிக் கீரி, செங்கீரி, மார்ட்டென் ஆகியவை பகல் ஷிப்ட். மரநாய்களும் புனுகுப்பூனையும் இரவு ஷிப்ட். சின்னப் பூனைகளும் பெரும்பாலும் இரவில்தான். கீரிக் குடும்பத்தில் பழுப்புக் கீரி மட்டும் முரண்டு பிடிக்கிறது. மற்ற கீரிகள் வெயிலில் அலைய, இது பெரும்பாலும் இருட்டிய பிறகும் அந்திசந்தியிலும்தான் படத்தில் விழுகிறது.

ஷிப்ட் முறையில் ஒரு ஓட்டை உண்டு. பகலில் ஓடும் அரணையும் இரவில் வரும் எலியும் வேறுவேறு இரை, அதனால் வேட்டையாடுகிறவர்களுக்கு நேரம் பிரிந்தால் உணவும் பிரிகிறது. பழம் அப்படியல்ல. மத்தியானம் மலை அணிலும் இருவாச்சியும் தின்று தீர்த்த அத்திப்பழம் ராத்திரி மரநாய்க்கு மிச்சம் இருக்காது. மழைக்காட்டின் சின்ன ஊனுண்ணிகளில் சில பழத்தை நம்பி வாழ்பவை என்பதால், கடிகாரத்தை மட்டும் வைத்து அவற்றின் கதையை முடித்துவிட முடியாது.

அடுத்தது மாடிக் கணக்கு. சிறு புனுகுப்பூனையின் கால்கள் விரல் நுனியில் நடப்பதற்கு ஏற்றவை. புல்வெளி ஓரம், புதர், தோட்டத்துப் பாதை என்று தரையில்தான் அதன் பிழைப்பு, மரமேறுவதில் பெரிய ஆர்வம் கிடையாது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் எச்சமிடும் பழக்கமும் அதற்கு உண்டு. பழுப்பு மரநாயின் ராஜ்ஜியம் மேலே. உள்ளங்கால் அகலம், நகத்தைப் பாதி உள்ளிழுத்துக்கொள்ளலாம், உடம்பு நீளத்துக்கு வாலும் நீளம். இரவெல்லாம் கிளைவிட்டுக் கிளை போய்ப் பழம் பறித்துத் தின்றுவிட்டு, விடிந்ததும் உச்சாணியில் கொடிகள் பின்னிக் கிடக்கும் புதரிலோ மரப்பொந்திலோ சுருண்டுகொள்ளும். சில நாள் அது படுப்பது மலை அணிலின் கூட்டில். மலை அணில் தன் வட்டாரத்தில் பல கூடுகள் கட்டிவைக்கும், எல்லாவற்றிலும் எப்போதும் ஆள் இருப்பதில்லை. பகலில் அணில் இரைதேடி அலைகிற மரத்திலேயே, இலையும் குச்சியும் வைத்து அது கட்டிய கூட்டில் ஒரு மரநாய் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பழுப்பு மரநாயைப் பற்றி இன்னும் இரண்டு வரி சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. கொடைக்கானலில் கிடைத்த மாதிரியை வைத்து பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1885ஆம் ஆண்டு அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கிட்டப் போய்ப் பார்க்க வாய்த்தால் பிடரியைக் கவனிக்க வேண்டும். மயிர் பின்னோக்கிச் சரியாமல், எதிர்ப்பக்கமாகத் தடவிவிட்டதுபோல் தலையை நோக்கி முன்னால் வளர்ந்திருக்கும். ஊருக்குள் ஓட்டுக்கூரை மேல் ஓடித் தூக்கத்தைக் கெடுக்கும் சாதாரண மரநாய்க்கு இப்படி இராது, அதற்கு முகத்தில் மறைப்புக் கட்டியதுபோல் கருப்பும் வெள்ளையும் இருக்கும். இரண்டும் நெருங்கிய உறவு, இரண்டும் பழம் தின்னி, இரண்டும் இரவாடி. காஸின் விதி எங்கேயாவது கடிக்க வேண்டுமென்றால் இந்த ஜோடியிடம்தான் கடிக்க வேண்டும். அதற்கேற்ப இவை இரண்டும் காட்டையே பிரித்துக்கொண்டிருக்கின்றன. மலைமேல் அடர்ந்த மழைக்காடு பழுப்புக்கு. அடிவாரத்து வறண்ட காடு, தோப்பு, ஊர், நகரம் எல்லாம் மற்றதற்கு. அடர்காட்டுக்குள் சாதாரண மரநாயைப் பார்ப்பது அரிது.

இதே மாதிரியான நிலப் பங்கீட்டை முதுமலையில் ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். 321 சதுர கிலோமீட்டர்தான் சரணாலயம். ஆனால் மேற்கே கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும் ஈரக் காடு, கிழக்கே மசினகுடி தாண்டிச் சீகூர் நோக்கி இறங்கினால் முள்ளும் பாறையும். வால் நுனியில் கருப்பு மை தொட்டு வைத்ததுபோல் இருக்கும் செங்கீரிக்கும் துரும்பன் பூனைக்கும் வறண்ட பக்கம் பிடிக்கும். கழுத்துவரிக் கீரி நீரோடையை விட்டு அதிகம் விலகாது. நண்டும் தவளையும் எங்கே உண்டோ அங்கேதான் அதன் கால்தடம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். என் பார்வையில் மற்ற எல்லாப் பங்கீட்டையும்விட இதுதான் பெரியது. நாம் குழம்புவதும் இங்கேதான். ‘ஊனுண்ணி’ என்பது விலங்கியலில் ஒரு குலத்தின் பெயர், தட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அல்ல. அந்தக் குலத்தில் பிறந்த பாண்டா மூங்கில் தின்கிறது. அதே குலத்து மரநாய் பழம் தின்கிறது. களக்காடு மலைகளில் 1990களின் பிற்பகுதியில் திவ்யா முத்தப்பா என்ற உயிரியலாளர் பல ஆண்டுகள் பழுப்பு மரநாயின் எச்சங்களைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மர, கொடி வகைகளின் விதைகள் அவற்றில் கிடைத்தன. பழத்தின் தடயம் இல்லாத எச்சமே அபூர்வம். பல்லி, நண்டு, பூச்சி, எலி எல்லாம் பக்கத்தில் வைத்த ஊறுகாய் மாதிரிதான்.

மாட்டுக்கும் சில குரங்குகளுக்கும் இருப்பதுபோல் இலைதழையைப் புளிக்கவைத்துச் சத்தெடுக்கும் வயிறு மரநாய்க்கு இல்லை. ஊன் தின்ற முன்னோர்களிடமிருந்து வந்த எளிய குடல்தான். அதனால் அது நாரும் பச்சைக்காயும் பக்கம் போகாமல், நன்றாகப் பழுத்த, சதையும் சாறுமான பழமாகப் பொறுக்கும். உள்ளே போனது சீக்கிரமே வெளியே வந்துவிடும், கொட்டை உடைபடாமல். பாலத்துச் சுவரில் முழுக்கொட்டை கிடப்பதன் ரகசியம் இதுதான். பின்னங்கடைவாய்ப் பற்களும் கதையை உறுதிசெய்கின்றன. பூனைக்குக் கத்தரிபோல் வெட்டும் பல் என்றால், மரநாய்க்கு நசுக்குவதற்கு ஏற்ற தட்டையான பல்.

பூனைகளுக்கோ நாக்கே கைவிட்டுவிட்டது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிச் செயலிழந்து கிடக்கிறது என்று 2005ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். புலியிலிருந்து வீட்டுப் பூனை வரை யாருக்கும் தித்திப்பு தெரியாது. ஆக, அத்தி மரம் குலுங்கக் காய்த்து நிற்கும் இரவில் மேலே மரநாய் பழத்தில் மூழ்கியிருக்க, சிறுத்தைப்பூனைக்கு அந்த மரத்தில் ஒரே ஒரு சுவாரசியம்தான்: உதிர்ந்த பழத்துக்கு வரும் எலி. இருவரும் ஒரே மரத்தைச் சுற்றி, ஒரே நேரத்தில் இருக்கிறார்கள், சண்டைக்குக் காரணமே இல்லை.

மார்ட்டெனின் தட்டு வேறு. கருப்பு உடம்பும் மஞ்சள் கழுத்துமாகப் பகலில் மரத்துக்கும் தரைக்கும் தாவும் இது மலை அணிலையே துரத்திப் பிடிக்கும். சருகுமானை அடிக்கும், உடும்பைப் பிடிக்கும், தேனும் தின்னும். தென்னிந்தியாவில் மார்ட்டென் என்று இது ஒன்றுதான். நெருங்கிய சொந்தத்தைத் தேடினால் இமயமலைக்குத்தான் போக வேண்டும். நீர்நாய்களுக்குள்ளும் ஒரு பிரிவினை உண்டு. மலையோடைகளில் வாழும் சின்ன நீர்நாய் கல்லுக்கு அடியில் விரலால் துழாவி நண்டு பிடிக்கும், ஓட்டை நொறுக்குவதற்கு அகலமான கடைவாய்ப் பல் வைத்திருக்கும். சமவெளிக்கு இறங்கி மோயாறு, காவிரி என்று பெரிய ஆறானதும் கூட்டமாக மீன் பிடிக்கும் பெரிய நீர்நாய் வந்துவிடும்.

இதுவரை சொன்னதைப் படித்தால் காட்டில் யாரோ உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல் இருக்கும். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இரண்டு விலங்குகள் வேறு நேரத்தில், வேறு உயரத்தில், வேறு உணவில் இருக்கின்றன என்பதாலேயே அவை போட்டிக்குப் பயந்து விலகின என்று சொல்லிவிட முடியாது. கீரி பகலில் அலைவதற்கு அதன் குடும்ப வழக்கமே போதும், மரநாயைப் பார்த்து அது நேரத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘என்றோ நடந்த போட்டியின் விளைவு’ என்றும் சாதிக்கலாம்தான். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? 1980ஆம் ஆண்டு ஜோசப் கானல் என்ற சூழலியலாளர் இந்தப் பழக்கத்தை ‘கடந்துபோன போட்டியின் ஆவி’ என்று கிண்டலடித்தார். ஆவியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பது அவர் வாதம்.

கருவியிலும் ஒரு கோளாறு உண்டு. முழங்கால் உயரத்துக் கேமரா தரையில் நடப்பவர்களைத்தான் எண்ணும். முப்பது மீட்டர் மேலே இருக்கும் மரநாய் அதற்கு இல்லாத விலங்கு. ஒரு காட்டில் புனுகுப்பூனை நிறைய, மரநாய் குறைவு என்று கேமரா சொன்னால், அது காட்டைப் பற்றிய செய்தியா, கேமரா கட்டிய உயரத்தைப் பற்றிய செய்தியா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

போட்டி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல வழி, போட்டியாளர்களை நீக்கிவிட்டுப் பார்ப்பது. காட்டில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கரும்புத் தோட்ட முதலாளிகள் தெரியாமலே செய்து வைத்தார்கள். 1872ஆம் ஆண்டு எஸ்புட் என்பவர் எலித் தொல்லைக்காகக் கல்கத்தாவிலிருந்து ‘சிறு கீரி’ என்ற இனத்தில் ஒன்பதைக் கப்பலில் ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அவற்றின் வாரிசுகள் மற்ற கரீபியத் தீவுகளுக்கும் 1883இல் ஹவாய்க்கும் போயின. எலி இரவில் வரும், கீரி பகலில் வரும் என்ற ஷிப்ட் கணக்கு யாருக்கும் உறைக்கவில்லை. ஜப்பானின் அமாமித் தீவிலும் இதே தவறு. ஹாபு என்னும் விஷப்பாம்பை ஒழிக்க 1979இல் கீரியை விட்டார்கள். ஹாபுவும் இரவாடி. கீரிகள் பாம்பை விட்டுவிட்டுத் தீவின் அரிய முயலைத் தின்றன. பல ஆண்டுகள் பொறிவைத்துப் பிடித்து, 2024இல்தான் அமாமியில் கீரி ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

நமக்கு வேண்டியது அந்தக் கீரிகளின் பல். வட இந்தியாவில் சிறு கீரி வாழும் இடங்களில் அதைவிடப் பெரிய சாம்பல் கீரியும் செங்கீரியும் உண்டு. தீவுகளில் இவை இரண்டும் இல்லை. சிம்பர்லாஃப், தயான் முதலிய சூழலியலாளர்கள் அருங்காட்சியக மண்டையோடுகளை அளந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தீவுக் கீரிகளின் உடல் பெருத்திருந்தது. முக்கியமாக ஆண்களின் கோரைப்பல் பெருத்து, ஊரில் பெரிய கீரிகள் வைத்திருந்த அளவை நோக்கி நகர்ந்திருந்தது. ஆக நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில், பெரியண்ணன் இல்லாத வீட்டில் தம்பி அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கானலின் கிண்டலுக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

இலங்கையிலும் இப்படியொரு சேதி உண்டு, இது இத்தனை உறுதியானதல்ல. இந்தியாவில் துரும்பன் பூனையை வறண்ட காட்டிலும் பாறைக்கரட்டிலும் வயலோரத்திலும்தான் அதிகம் பார்க்கிறார்கள். இலங்கையில் அது ஈரக் காட்டிலும், ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த மலையுச்சியிலும்கூட உண்டு. இந்திய மழைக்காட்டில் சிறுத்தைப்பூனை இருக்கிறது, இலங்கையில் அந்த இனமே கிடையாது. ஒன்றரைக் கிலோகூடத் தேறாத துரும்பனை ஈரக் காட்டுக்குள் விடாமல் தடுப்பது இங்கே சிறுத்தைப்பூனைதான் என்று ஊகிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஊகம் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது ஆதாரமாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

போட்டி என்று மட்டும் பேசினால் பயத்தை மறந்துவிடுவோம். சின்ன ஊனுண்ணிகள் பெரியவற்றின் இரையும்கூட. சிறுத்தையின் எச்சத்தில் மரநாயின் மயிரும் புனுகுப்பூனையின் நகமும் கிடைப்பது புதிதல்ல. செந்நாய்க் கூட்டம் பகலில் வரும், சிறுத்தை இரவில் வரும். ஆகவே தரையில் நடப்பவனுக்கு முழுப் பாதுகாப்பான ஷிப்ட் என்று ஒன்று கிடையாது. கொடிப்புதரில் சுருண்டு தூங்கும் மரநாயின் மாடி வாழ்க்கையைப் பழத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

காட்டை வெட்டித் தோட்டமாக்கும்போது முதலில் போவது இந்த மாடிகள்தான். வால்பாறைப் பீடபூமியில் மழைக்காடு இன்று தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாகத்தான் நிற்கிறது. தேயிலைக்குத் தரைத்தளம் மட்டுமே உண்டு. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் மரநாய் தின்னப் பழமும் இல்லை, படுக்கக் கொடிப்புதரும் இல்லை. எலி நிறைந்த தேயிலையிலும் காப்பியிலும் சிறுத்தைப்பூனை சமாளித்துவிடும், சிறு புனுகுப்பூனையும் பிழைத்துக்கொள்ளும். மேலே மட்டும் வாழத் தெரிந்த பழுப்பு மரநாய் கீழே இறங்கிச் சாலையைக் கடக்க வேண்டும். கடக்கும்போது அடிபடும். குடியிருப்பு நாய்கள் வேறு பகல், இரவு என்று பாராமல் இரண்டு ஷிப்டும் பார்க்கின்றன.

காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டம் வேறு மாதிரி. அத்தியும் நாவலும் கூந்தற்பனையும் மேலே நிற்கும், கொடியும் கொஞ்சம் தொங்கும். காப்பி பழுக்கும் பருவத்தில் மரநாய் செடிவரை இறங்கிவந்து, சிவந்து கனிந்த பழத்தை மட்டும் பொறுக்கிவிட்டு மேலே போகும். காலையில் பழம் பறிக்கப் போகிறவர்களுக்குப் பாறைமேல் அதன் எச்சம் முழுக்கொட்டையாகக் கிடைக்கும், கழுவிக் காயவைத்தால் தனி விலை. அதே பாதையில் நாலடி தள்ளி, தரையில், புனுகுப்பூனை வழக்கமான இடத்தில் தன் கணக்கை வைத்துவிட்டுப் போயிருக்கும்: கொஞ்சம் எலி மயிர், வண்டின் ஓடு, பச்சைப் புல்.